18 இஞ்ச் என்பது எதன் அளவு?

விரிசலை முதலில் கண்டுபிடித்தது பழைய பனியன் துணிதான். மழையில் ஓட்டிவிட்டு வந்து மலைச் சைக்கிளின் சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சீட் குழாயின் மேல்முனையில், பற்றவைப்புக்குச் சற்றுக் கீழே, துணியின் நூல் எதிலோ மாட்டி இழுத்தது. குனிந்து பார்த்தால் பெயின்ட்டில் முடி ஒட்டியதுபோல ஒரு கோடு. நகத்தால் சுரண்டினேன், போகவில்லை. சீட்டைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தபோது அந்தக் கோடு மெல்லத் திறந்து மூடியது.

கடையில் காட்டினேன். "18 இஞ்ச்தானே சார்? அதே சைஸ்ல ஃபிரேம் மட்டும் வாங்கிட்டு வாங்க, மத்ததெல்லாம் அப்படியே மாத்திப் போட்டுடலாம்" என்றார் மெக்கானிக். நல்ல மனிதர், நல்ல கைக்காரர். ஆனால் அந்த ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு தவறுகள் இருந்தன. அதே சைஸ் என்பது ஒன்று. அப்படியே மாற்றலாம் என்பது இன்னொன்று.

முதலில் சைஸ். 18 இஞ்ச் என்று ஸ்டிக்கரில் இருப்பது சீட் குழாயின் நீளம். பெடல் அச்சின் மையத்திலிருந்து குழாயின் மேல்வாய் வரை. மேல்குழாய் தரைக்கு இணையாக ஓடிய சாலைச் சைக்கிள்களின் காலத்தில் இந்த ஒரு எண்ணே ஃபிரேமின் முழு ஜாதகத்தையும் சொல்லிவிடும். மற்ற குழாய்களெல்லாம் அதற்கேற்ற விகிதத்தில்தான் இருந்தன. மலைச் சைக்கிளின் மேல்குழாய் பின்பக்கமாகச் சரிந்து இறங்கியது. அன்றோடு அந்த எண் தன் அர்த்தத்தை இழந்தது. இப்போது அது சொல்வதெல்லாம், சீட் கம்பி எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் என்பதை மட்டும்தான். ஒரு போல்ட்டைத் தளர்த்தினால் காசில்லாமல் மாற்றிக்கொள்ளக்கூடிய ஒன்றை வைத்து, மாற்றவே முடியாத ஒரு பொருளை இத்தனை காலம் விற்றிருக்கிறார்கள்.

எனக்குக் கால் நீளம். அதனால் சீட் கம்பியை உயர்த்தி உயர்த்தி, 'இதற்கு மேல் இழுக்காதே' என்று அதில் பொறித்திருக்கும் கோடு வெளியே தெரியும்வரை கொண்டுபோயிருந்தேன். உள்ளே மிச்சம் இருந்த கம்பி குட்டை, வெளியே இருந்தது நெம்புகோல். ஒவ்வொரு குழியிலும் என் எடை அந்தக் கம்பியைப் பிடித்துக் குழாயின் வாயைக் கிழிக்கப் பார்த்திருக்கிறது. அலுமினியம் அதை மறக்காது. உருக்குக்கு ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்புக்குக் கீழே எத்தனை லட்சம் தடவை வளைத்தாலும் பெரும்பாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படிப்பட்ட வரம்பு இல்லை. சின்னச் சின்ன வளைவும் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். ஆக, என் ஃபிரேமில் விரிசல் விழுந்ததுகூட அளவு பொருந்தாததால்தான்.

குரங்கு பெடல் போட்டுப் பழகியவர்களுக்கு ஓர் உண்மை உடம்பிலேயே தெரியும். ஃபிரேமின் முக்கோணத்துக்குள் காலை நுழைத்து, அக்குளில் சீட்டை இடுக்கிக்கொண்டு, அப்பாவின் சைக்கிளைத் தெருமுனை வரை ஓட்டிய அந்த வயதில், சீட் என்பது உட்காரும் இடமாக இருக்கவே இல்லை. சீட் இல்லாமலும் சைக்கிள் ஓடும். பெடலும் ஹேண்டில்பாரும் இல்லாமல் ஓடாது. மலைப்பாதையில் இறங்குகிறவரும் அதே நிலைமையில்தான் இருக்கிறார். சீட்டைத் தாழ்த்திவிட்டு, பெடல்மேல் நின்று, கையால் மட்டும் வண்டியைப் பிடித்திருக்கிறார். அவருக்கு ஃபிரேம் பொருந்துகிறதா என்று கேட்டால், பெடல் அச்சுக்கும் கைக்கும் நடுவே உள்ள தூரம் பொருந்துகிறதா என்றுதான் பொருள்.

அந்தத் தூரத்துக்கு இரண்டு பெயர்கள். பெடல் அச்சின் மையத்திலிருந்து, முன் ஃபோர்க்கின் கழுத்து நுழையும் ஹெட் குழாயின் மேல்முனை எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பது 'ரீச்'. எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது 'ஸ்டாக்'. இப்போது எந்த நிறுவனத்தின் அளவு அட்டவணையிலும் இவை இரண்டும் இருக்கும். பழைய ஃபிரேமுக்கு அட்டவணை கிடைக்காது. நாமே அளக்க வேண்டியதுதான்.

கொத்தனார் ஒருவரிடம் தூக்குக்குண்டும் ரசமட்டமும் இரவல் வாங்கினேன். சைக்கிளைச் சுவரோடு ஒட்டி நிமிர்த்தி நிறுத்தி, இரண்டு சக்கரங்களும் ஒரே மட்டத்தில் நிற்கின்றனவா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். ஹெட் குழாயின் மேல்வாயில் நூலைப் பிடித்துக் குண்டைத் தொங்கவிட்டால் அது ஆடிக்கொண்டே இருக்கும். பொறுமை வேண்டும். நின்ற பிறகு தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு புள்ளி. பெடல் அச்சிலிருந்து இன்னொரு புள்ளி. இரண்டுக்கும் இடையே 388 மில்லிமீட்டர். அதுதான் என் ரீச். இரண்டின் உயர வித்தியாசம் 575, அது ஸ்டாக். அரை மணி நேர வேலை. மூன்று முறை அளந்தும் ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் மாறவில்லை.

பிறகு, வாங்கலாம் என்று நினைத்திருந்த ஃபிரேமின் அட்டவணையைப் பக்கத்தில் வைத்தேன். ரீச் 440, ஸ்டாக் 620. 52 மில்லிமீட்டர் நீளம் கூடுதல். கை எட்டுமா என்ற பயம் வந்தது. பழைய வண்டியில், ஹேண்டில்பாரை ஃபோர்க்கின் கழுத்தோடு இணைக்கும் ஸ்டெம் 110 மில்லிமீட்டர். அது சரிந்து நிற்பதால் முன்னோக்கிய நீளம் ஏறக்குறைய 100. ஆக, பெடல் அச்சுக்கு முன்னால் ஹேண்டில்பார் 488 மில்லிமீட்டரில் இருந்தது. புதியதற்குப் போடவிருந்த ஸ்டெம் 50, முன்னோக்கி 46. மொத்தம் 486. கைக்கு இரண்டும் ஒன்றுதான்!

அப்படியென்றால் என்ன மாறியது? கையின் இடம் மாறவில்லை, முன்சக்கரம் நகர்ந்துவிட்டது. பெடல் அச்சிலிருந்து முன்சக்கர அச்சு வரை பழைய வண்டியில் 616 மில்லிமீட்டர். புதியதில் ரீச் கூடியிருக்கிறது. ஃபோர்க்கும் இன்னும் சரிந்து நிற்கிறது. கணக்குப் போட்டால் 737. ஒரு சாண் இல்லையென்றாலும் அரைச் சாணுக்குக் குறையாது. இறக்கத்தில் பயம் வருவதும் போவதும் இந்த 12 சென்டிமீட்டரில்தான்.

பெடல்மேல் நிற்கும் ஒருவரின் எடை மையம் தரையிலிருந்து சுமார் 110 சென்டிமீட்டர் உயரத்தில், பெடல் அச்சுக்கு நேர்மேலே இருப்பதாக வைத்துக்கொள்வோம். முன் பிரேக்கை அழுத்தினால் வண்டி முன்சக்கரம் தரையைத் தொடும் புள்ளியைச் சுற்றிக் கவிழப் பார்க்கும். அந்தப் புள்ளி எவ்வளவு முன்னால் இருக்கிறதோ அவ்வளவு வலுவாகப் பிரேக் பிடிக்கலாம். 61.6-ஐ 110-ஆல் வகுத்தால் 0.56. சமதரையில் புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.56 பங்கு வேகக்குறைப்பைத் தாண்டினால் தலைகுப்புறத்தான். புதிய ஃபிரேமில் அது 0.67. சரிவின் கணக்கில் சொல்வதானால், பழையதில் சுமார் 29 பாகை இறக்கத்தில் கவிழவைக்கும் அதே நிலையில் நின்று, புதியதில் கிட்டத்தட்ட 34 பாகை வரை போகலாம். உண்மையில் யாரும் பொம்மைபோல நிற்பதில்லை, உடம்பைப் பின்னுக்குத் தள்ளுவோம். ஆனால் பின்னுக்குத் தள்ளிய உடம்பால் சரியாகத் திருப்ப முடியாது. நல்ல ஃபிரேம் அந்தத் தேவையைக் குறைக்கிறது.

முன்சக்கரத்தை இப்படித் தூரத் தள்ளுவதில் ஹெட் குழாயின் சாய்வுக்குப் பெரிய பங்கு. பழையது 71 பாகை, புதியது 66. எண் குறையக் குறைய ஃபோர்க் படுத்துக்கொண்டே போகும். இதனால் 'டிரெயில்' என்ற இன்னொன்றும் கூடுகிறது. ஹெட் குழாயின் அச்சைக் கோடாகத் தரைவரை நீட்டுங்கள். சக்கரம் தரையைத் தொடும் இடம் அந்தக் கோட்டுக்குப் பின்னால் இருக்கும். அந்த இடைவெளிதான் டிரெயில். சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியின் சக்கரம் இழுக்கும் திசைக்குத் தானாகத் திரும்பிப் பின்தொடர்வதும் இதனால்தான். 26 இஞ்ச் சக்கரம், 71 பாகை, ஃபோர்க்கின் முன்தள்ளல் 38 மில்லிமீட்டர் என்றால் டிரெயில் சுமார் 75. 29 இஞ்ச், 66 பாகை, 44 மில்லிமீட்டர் என்றால் 117. கல்லில் அடிபட்ட முன்சக்கரம் பழையதில் கையைப் பிடுங்கும்; புதியதில் தானே நேராகப் பார்க்கும்.

டிரெயில்தான் சைக்கிளை நிமிர்த்தி வைத்திருக்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடக் கூடாது. 1970-இல் டேவிட் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் வேதியியலாளர் ஓட்டவே முடியாத சைக்கிளைச் செய்கிறேன் என்று கிளம்பினார். சக்கரச் சுழற்சியின் விளைவை ரத்துசெய்ய எதிர்த்திசையில் சுழலும் இன்னொரு சக்கரத்தைப் பொருத்தினார். அதையும் ஓட்ட முடிந்தது. டிரெயிலை மாற்றியபோதுதான் வண்டி அடங்க மறுத்தது. நாற்பது ஆண்டு கழித்து, 2011-இல், டெல்ஃப்ட், கார்னெல் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள் அடங்கிய ஒரு குழு, சுழற்சி விளைவும் இல்லாத, டிரெயிலும் இல்லாத ஒரு சின்ன வண்டியைச் செய்து தள்ளிவிட்டது. அதுவும் ஆளில்லாமல் நிமிர்ந்து ஓடியது! எடை எங்கே இருக்கிறது என்பதும் கணக்கில் சேரும் என்பதே அவர்கள் காட்டியது. 'ஹெட் ஆங்கிள் 65 இருந்தால் போதும்' என்று ஒற்றை எண்ணைப் பிடித்துத் தொங்குகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு இந்தச் சோதனைதான் நினைவுக்கு வரும்.

சாய்வுக்கு ஒரு விலையும் உண்டு. ஏற்றத்தில் மெதுவாகப் போகும்போது, ஹேண்டில்பாரை லேசாகத் திருப்பியதும் முன்சக்கரம் அந்தப் பக்கமே விழப் பார்க்கும். என் இரண்டு வண்டிகளையும் கணக்கிட்டால் இந்த விழும் குணம் ஏறத்தாழ இருமடங்காகிறது. அகலமான ஹேண்டில்பாரும் குட்டை ஸ்டெம்மும் அதைக் கையில் அடக்கத்தான். பழைய காலத்து 58 சென்டிமீட்டர் ஹேண்டில்பாரைப் புதிய ஃபிரேமில் போட்டுவிட்டு 'வண்டி அலைகிறது' என்று சொல்வது, சின்னத் துடுப்பை வைத்துக்கொண்டு பெரிய படகைக் குறை சொல்வதுதான்.

படுத்த ஃபோர்க் புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 1970-களில் கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில் சில இளைஞர்கள், 1930-களிலும் 40-களிலும் செய்த பழைய ஷ்வின் எக்ஸெல்சியர் சைக்கிள்களைத் தேடிப்பிடித்து மலைப்பாதைகளில் இறங்கினார்கள். ஃபேர்ஃபேக்ஸ் ஊருக்குப் பக்கத்தில் 3 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான மண்பாதை, 400 மீட்டர் இறக்கம். கீழே வந்துசேர்வதற்குள் பின்சக்கர அச்சில் இருக்கும் பிரேக் சூடேறி, உள்ளேயிருந்த கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும். ஒவ்வொரு முறையும் அச்சைக் கழற்றிப் புது கிரீஸை அடைக்க வேண்டும். அதனால்தான் பாதைக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்தது. 1976-இல் அங்கே பந்தயம் தொடங்கியது. அவர்களில் ஒருவரான ஜோ பிரீஸ் 1977-இல் மலைக்கென்றே ஒரு ஃபிரேமைப் பற்றவைத்தார். அந்த வண்டி இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. புதிய உருக்குக் குழாய்களால் அவர் செய்தாலும், வடிவத்துக்கு அந்தப் பழைய ஷ்வின்னைத்தான் பின்பற்றினார். மலையில் இறங்க எது சரி என்று அவருக்கு உடம்பில் தெரிந்திருந்தது.

பிறகு வந்த 1990-கள் அதை மறந்தன. மலைச் சைக்கிள் குறுக்குநாட்டுப் பந்தயத்துக்குப் போனது. சாலைப் பந்தயத்தின் பழக்கங்கள் உள்ளே வந்தன. நிமிர்ந்த ஃபோர்க், 120, 130 மில்லிமீட்டர் ஸ்டெம், குறுகிய ஹேண்டில்பார். ஏற்றத்தில் அது பறந்தது. இறக்கத்தில் மூக்கு முன்சக்கரத்தின் மேல்தான் இருந்தது. ஃபிரேமை நீட்டி ஸ்டெம்மைக் குறுக்கு என்று கேரி ஃபிஷரின் வண்டிகள் 90-களின் பிற்பகுதியில் ஓரடி எடுத்து வைத்தன. ஸ்பெயினின் மொன்ட்ராக்கர் அதற்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து அதே யோசனையை எல்லைவரை இழுத்தது. இன்று எல்லாரும் அந்த வழியில்தான்.

இவ்வளவு நேரமும் நின்றபடி ஓட்டுவதைப் பற்றியே பேசினேன். உட்கார்ந்து மிதிக்கவும் வேண்டுமே. இங்கே பலரும் ஏமாறுகிறார்கள். உட்கார்ந்தால் எட்டும் தூரத்தை ரீச் மட்டும் முடிவுசெய்வதில்லை. சீட் குழாயின் சாய்வும் சேர்ந்து முடிவுசெய்கிறது. ரீச் 450, ஸ்டாக் 610 உள்ள இரண்டு ஃபிரேம்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் சீட் சாய்வு 74 பாகை, இன்னொன்று 77. முதலாவதில் சீட்டுக்கும் ஹெட் குழாய்க்கும் இடையே 625 மில்லிமீட்டர் இருக்கும், இரண்டாவதில் 591. நின்றால் இரண்டும் ஒரே வண்டி, உட்கார்ந்தால் இரண்டு வெவ்வேறு வண்டிகள். செங்குத்தான ஏற்றங்கள் அதிகம் என்றால் 77-தான் நல்லது. இடுப்பு பெடலுக்கு நேர்மேலே வந்து முன்சக்கரம் தரையை விட்டு எழாது. மணிக்கணக்காகச் சமதரையில் போகிறவருக்கு அதே 77 பாகையில் எடை கையில் இறங்கி உள்ளங்கை மரத்துப்போகும். கடைக்காரர் இதைக் கேட்க மாட்டார். எங்கே ஓட்டப்போகிறோம் என்று நமக்குத்தான் தெரியும். சீட்டை முன்னும் பின்னும் நகர்த்திச் சமாளிக்கலாம் என்றால், சீட்டுக்கு அடியில் உள்ள தண்டவாளத்தில் கிடைப்பது ஓரிரு சென்டிமீட்டர். அது முழங்காலுக்காக உள்ள இடம், கைக்காக அல்ல.

உயரத்தை வைத்து எம், எல் என்று சொல்லும் அட்டவணையையும் நான் பெரிதாக நம்புவதில்லை. ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவருக்குக் கால் நீளம், இன்னொருவருக்கு உடம்பு நீளம். இப்போது வரும் ஃபிரேம்களில் சீட் குழாயைக் குட்டையாகவே வைக்கிறார்கள். அடுத்தடுத்த அளவுகளுக்கு இடையே ரீச் 20, 30 மில்லிமீட்டர்தான் மாறுகிறது. அதனால் கால் இடிக்குமோ என்ற கவலை இல்லாமல் ஓர் அளவு மேலேயோ கீழேயோ போகலாம். முதலில் கையில் இருக்கும் வண்டியை அளந்துவிட வேண்டும். பிறகு அதில் என்ன குறை என்று ஒரு வரியில் எழுத வேண்டும். இறக்கத்தில் கவிழப் பார்க்கிறதா, திருப்பத்தில் முன்சக்கரம் வழுக்குகிறதா, முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்கிறதா? அந்த வரியை எழுத முடியாதவர் ஃபிரேம் வாங்க வேண்டாம். ஸ்டெம்மையும் ஹேண்டில்பாரையும் மாற்றிப் பார்க்கட்டும். பாதிப் பேருக்கு அதிலேயே தீர்ந்துவிடும்.

மெக்கானிக்கின் இரண்டாவது தவறுக்கு வருகிறேன். அப்படியே மாற்றிப் போடுவது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அது இதுதான். என் பழைய 26 இஞ்ச் சக்கரம் புதிய ஃபிரேமில் உட்காராது. பின்சக்கர அச்சுக்கான இடைவெளி பழையதில் 135 மில்லிமீட்டர், புதியதில் 148. பழைய ஃபோர்க்கின் கழுத்து மேலிருந்து கீழ்வரை ஒன்றே அரைக்கால் இஞ்ச்; புதிய ஹெட் குழாய் கீழே ஒன்றரை இஞ்ச் கழுத்தை எதிர்பார்க்கிறது. இதை ஒரு வளையம் போட்டுச் சரிக்கட்டலாம். தலைகீழாக, கீழே பருத்த ஃபோர்க்கைப் பழைய ஒடுங்கிய ஹெட் குழாயில் நுழைக்க வழியில்லை. சீட் கம்பியும் அப்படியே, 27.2-ஐ 31.6 குழாயில் உறை போட்டுப் பொருத்தலாம், மறுபக்கம் முடியாது. கடைசியில் பழையதிலிருந்து புதியதுக்குப் போனவை சீட், பெடல், பிரேக். பட்ஜெட் போடும்போது ஃபிரேமின் விலைக்குப் பக்கத்திலேயே இந்தப் பட்டியலையும் எழுதிக்கொள்வது நல்லது.

ஃபோர்க் விஷயத்தில் மட்டும் இன்னொரு எச்சரிக்கை. 100 மில்லிமீட்டர் அமுங்கும் ஃபோர்க்குக்காக வரைந்த ஃபிரேமில் 130 போட்டால் 'கொஞ்சம் கூடுதல் ஷாக் தானே' என்று தோன்றும். 20 மில்லிமீட்டர் உயர்ந்தாலே ஹெட் குழாயும் சீட் குழாயும் சுமார் ஒரு பாகை பின்னால் சாயும், ரீச் குறையும், பெடல் அச்சு உயரும். ஹெட் குழாயின் பற்றவைப்பில் இழுவையும் கூடும். நாம் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த எண்களெல்லாம் அந்த ஒரு காரியத்தில் கலைந்துபோகும்.

ஃபிரேம் எதில் செய்தது என்ற கேள்வியில் நான் அதிகம் தூக்கத்தைத் தொலைப்பதில்லை. உருக்கு, அலுமினியம், டைட்டானியம் மூன்றிலும் விறைப்பை எடையால் வகுத்தால் ஏறத்தாழ ஒரே எண்தான் வருகிறது. குழாயின் பருமனும் சுவரின் கனமும்தான் வித்தியாசத்தைக் கொண்டுவருகின்றன. உருக்கு ஃபிரேம் 'துள்ளாமல் போகும்' என்பார்கள். டயரில் இரண்டு பவுண்டு காற்றைக் குறைத்தால் கிடைக்கும் சொகுசுக்கு முன்னால் அது ஒன்றுமில்லை. பழைய ஃபிரேம் வாங்குகிறவர்கள் ஒரு நூலை எடுத்துக்கொண்டு போகலாம். பின்சக்கர அச்சு உட்காரும் இடது காதிலிருந்து ஹெட் குழாயைச் சுற்றி வலது காதுக்கு நூலை இழுத்துக் கட்டி, சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இருபக்கமும் அளந்தால் கோணல் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். கார்பன் என்றால் நூலால் பயனில்லை. உள்ளே பிளந்திருப்பது வெளியே தெரியாது. முன்பின் தெரியாதவரிடம் பழைய கார்பன் ஃபிரேமை நான் வாங்க மாட்டேன்.

440 ரீச் ஃபிரேமையே வாங்கினேன். ஊருக்கு வெளியே ஒரு கரடு இருக்கிறது. பழைய வண்டியில் இறங்கித் தள்ளிக்கொண்டுபோகும் அந்தப் பாறைச் சரிவை முதல் நாளே ஓட்டி இறங்கினேன். அந்த மிதப்பில் கீழே சமதரைத் திருப்பத்துக்கு வந்தேன். சரளைக்கல். முன்சக்கரம் சத்தமில்லாமல் வழுக்கி விலகியது; முழங்கை தோல் உரிந்தது.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். பெடல்மேல் நிற்கும்போது முன்சக்கரத்தில் இறங்கும் எடையின் பங்கு என்பது, பின்சக்கர அச்சிலிருந்து பெடல் அச்சு வரை உள்ள தூரத்தை மொத்தச் சக்கர இடைவெளியால் வகுத்தால் வருவது. பழையதில் 1040-க்கு 424, அதாவது 41 சதவீதம். புதியதில் 1168-க்கு 431, 37 சதவீதம். இறக்கத்தில் என்னைக் காப்பாற்றிய அதே 12 சென்டிமீட்டர், சமதரையில் முன் டயரின் பிடியைக் குறைத்திருக்கிறது. இறக்கத்தில் சாய்வே எடையை முன்னுக்குத் தள்ளிவிடும். சமதரையில் அதை நான்தான் முழங்கையை மடக்கி, நெஞ்சைத் தாழ்த்திக் கொடுத்தாக வேண்டும். பழைய வண்டியில் பத்து ஆண்டுகளாகப் பின்னுக்குச் சாய்ந்தே பழகிய உடம்பு, அதற்கு உடனே சம்மதிக்கவில்லை.

ஸ்டெம்முக்குக் கீழே ஐந்து மில்லிமீட்டர் வளையங்கள் நான்கு இருந்தன. ஹேண்டில்பாரைத் தாழ்த்த, இரண்டைக் கழற்றி மேலே போட்டேன். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அதே திருப்பத்தில் முன் டயர் சரளையைக் கடித்துக்கொண்டு போனது. வளையங்கள் இன்னும் மேலேதான் இருக்கின்றன.